பிடுங்காமல் நின்ற முகூர்த்தக்கால்

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன், கை ஒத்துழைக்கவில்லை. அதனால் உன் பெயர்கூடப் போடாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணத்துக்கு நட்ட முகூர்த்தக்காலை நேற்று முன்தினம் காலையில் நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை கை படாமல் அதைப் பிடுங்கக் கூடாது என்று இரண்டு வருடம் ஒருத்தரையும் கிட்டே விடாமல் காத்தவளும் நான்தான். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. கையை வைத்து ஆட்டினேன், முழங்கால் உயரத்துக்குக் கீழே பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. உள்ளே மண்ணும் கரையானும்தான் இருந்தன. அந்தக் கரையான்தான் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து என் பியானோவின் அடிப்பலகையைத் தின்றிருக்கிறது.

நீயும் தாரணியும் பிரிந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்குத் தெரியாது. இந்தக் கடிதம் ஒரே ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன்: அதை அவரிடம் நீயே, உன் வாயாலேயே சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் 'மீட்டிங்ல இருக்கேம்மா' என்பாய். கடிதத்தில் அந்த வசதி இல்லை. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் வாட்ஸாப்புக்கு அனுப்புகிறேன். இரண்டு நீல டிக் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ சொல்வாய், ஒரு பழைய பியானோவுக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று. போன திங்கட்கிழமை நான் அனுப்பிய படத்துக்கு நீ போட்ட பதில் இதுதான்: 'பேசாம வித்துடுங்கம்மா, யாரு வாசிக்கறா இப்ப. நான் ஒரு கீபோர்டு வாங்கித் தர்றேன்.' யார் வாசிக்கிறார்கள் என்றா கேட்டாய்? நான் வாசிக்கிறேன். காரமடைத் தேர் வீதியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வருகிற பதினொரு பிள்ளைகள் வாசிக்கிறார்கள். உன் அப்பா பொழுதோடு தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவி, டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். வாசிக்காதவன் நீ ஒருத்தன்தான். அதனால் உலகத்தில் யாருமே வாசிக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டாய்.

அது இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நூறு தடவையும் நீ கேட்கவில்லை, இப்போது படி. நான் ஹாஸ்டலில் தங்கிப் படித்த மலைமேல் கான்வென்ட்டில் அதைக் கழித்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். உன் அப்பாவுக்குப் பியானோ என்றால் என்னவென்றே தெரியாது. வாழைக்காய் ஏற்றுகிற லாரியை எடுத்துக்கொண்டு போய், வாழைச் சருகைக் கீழே மெத்தையாகப் போட்டு, மலையிலிருந்து கொண்டைஊசி வளைவெல்லாம் இறக்கிக் கொண்டுவந்தார். அப்பாவுடைய பெரியப்பா வாசலில் நின்று, "ஏப்பா, பொண்டாட்டி கேட்டான்னு இத்தாப்பெரிய பொட்டியத் தூக்கீட்டு வந்திருக்கறயே, இதுக்குள்ள நெல்லா கொட்டப்போற?" என்று கேட்டார். அப்பா சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை, உள்ளே இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

சுற்றிலும் வாழையும் பாக்கும். வாய்க்காலில் தண்ணீர் நிற்காத நாள் இல்லை. ஆனி பிறந்தால் மலையிலிருந்து சாரல் இறங்கி, காயப்போட்ட துண்டு மூன்று நாளானாலும் காயாது. அப்படிப்பட்ட வீட்டில் மரச்சாமானை வைத்துக் காப்பாற்றுவது என்ன வேலை என்று உனக்குத் தெரியாது. எனக்கும் முதலில் தெரியவில்லை. எறும்பு ஏறாமல் இருக்கப் பலகாரப் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்போம் இல்லையா, அதே மாதிரி பியானோவின் நாலு காலையும் கிண்ணத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒரே மாதத்தில் கட்டைகள் ஊதி, அமுக்கினால் அமுக்கினபடியே நின்றன, கம்பிகளில் துரு. சுருதி பார்க்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, இது பியானோவுங்களா, முறுக்கு வெக்கிற பொட்டியுங்களா?" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு காலுக்குக் கீழே கருங்கல் துண்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இடம், மழைக்காலம் முழுக்க அடிப்பலகைக்கு மேலே உள்ளுக்குள் எரிகிற ஒரு சின்ன குண்டு பல்பு, வாரம் ஒரு முறை பின்பக்கம் விளக்குமாறு போட்டு மண்கோடு ஏதாவது ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. முப்பத்தைந்து வருடம் ஒரு கரையான் அதன்மேல் ஏறவில்லை. இதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

உன் கல்யாணத்தில் எல்லாம் போயிற்று. நிச்சயத்தட்டு வைத்துப் படம் எடுக்க இடம் போதவில்லை என்று நீயும் உன் கூட்டாளிகளும் சேர்ந்து பியானோவைச் சுவரோடு ஒட்டத் தள்ளினீர்கள். சீரியல் லைட்டுக்குப் பிளக் வேண்டும் என்று பல்பைக் கழற்றினீர்கள். ஜன்னலுக்கு நேர் வெளியே முகூர்த்தக்கால் நட்டார்கள். பந்தல் மூங்கிலை அதிலிருந்து ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டினார்கள்; பந்தலைப் பிரித்த பிறகும் அந்த மூங்கில் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் லீவு முடிந்தது என்று நீயும் தாரணியும் விமானம் ஏறிவிட்டீர்கள். நம் வீட்டு வழக்கப்படி நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை பால் ஊற்றி, முகூர்த்தக்காலைப் பிடுங்கி ஆற்றில் விட வேண்டும். "பொங்கலுக்கு வந்து புடுங்கறேம்மா, அது எங்க ஓடிப்போகுது" என்று காரில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். பொங்கல் வந்தது. அடுத்த பொங்கலும் வந்தது. பியானோவை மறுபடி நகர்த்த நாலு ஆள் வேண்டும், நாளைக்குக் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பைச் சொல்கிறேன். அந்தக் காலுக்கு நான் தினமும் தண்ணீர் ஊற்றினேன். காலையில் குளித்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர், வெள்ளிக்கிழமையானால் கொஞ்சம் மஞ்சள். முதல் மாதம் அது துளிர்த்தது. துளிர்த்தால் கல்யாணம் செழிக்கும் என்று உன் சின்ன அத்தை சொன்னாள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் துளிர் கருகியது. அப்போதுதான் பயம் பிடித்தது. காய்ந்து போகக் கூடாது என்று ஒரு சொம்பை இரண்டு சொம்பாக்கினேன். செத்த கட்டைக்குத் தண்ணீர் ஊற்றினால் யார் வளர்வார்கள் என்று யோசிக்கிற அறிவு எனக்கு இல்லாமல் இல்லை. உன் வாழ்க்கை என்று வந்தால் அந்த அறிவை ஓரமாக வைத்துவிடுகிறேன். நீ பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

திங்கட்கிழமை ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெடல்மேல் காலை வைத்தேன், பெடல் பலகையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. என் பாதம் மண்ணுக்குள் இருந்தது. வெளியே பாலிஷ் பளபளவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. இதை உன் வாழ்க்கைக்கு உவமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கரையானுக்கு அந்த அவமானம் வேண்டாம். அது பசிக்குத் தின்றது. நான் படம் எடுத்து உனக்கும் தாரணிக்கும் அனுப்பினேன், நாளைக்கு நானே பலகையைக் கழற்றப்போகிறேன் என்றும் எழுதினேன். நீ கீபோர்டு வாங்கித் தருகிறேன் என்றாய். தாரணி பதிலே போடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வாசலில் வந்து நின்றாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட். கனடாவில் இருக்க வேண்டியவள். அவள் பிறந்த ஊரான வெள்ளகோவிலில் முதல் பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள், "படத்துல ஜன்னலுக்கு வெளிய பாத்தனுங்க அத்தை. அந்தக் கால இன்னும் புடுங்கலீங்களா?" என்று கேட்டாள்.

"அவன் வந்து கை வெக்கோணுமல்ல கண்ணு. அதுவரைக்கும் காயக் கூடாதுன்னு தெனமும் தண்ணி ஊத்தீட்டிருக்கறேன்."

"அவரு வரமாட்டாருங்க அத்தை. நாங்க சேந்து இல்லீங்க. பதினாலு மாசமாச்சு. நான் ஊட்டுக்கு வந்தே ஏழு மாசமாச்சுங்க." வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நானே சொல்றேன், நீ சொல்லாதன்னாருங்க. இன்னைக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு பாத்துட்டே இருந்தனுங்க. நீங்க அதுக்குத் தண்ணி ஊத்தீட்டிருக்கறீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பனுங்க அத்தை."

ஏழு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் என்னைக் கூப்பிட்டுப் பேசினாள். வீடியோ வராது, நெட் சரியில்லை என்பாள். ஒரு தடவை பின்னால் பஸ் கண்டக்டர் விசில் அடித்து, "கரூர், கரூர்" என்று கத்தினது கேட்டது. யாரோ தமிழ்ப்படம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள்மேல் கோபம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் அவள் பஸ் ஏறி வந்தாள். உன் விமானத்துக்கு மட்டும் வழி தெரியவில்லை.

இரண்டு பேரும் கீழ்ப்பலகையைக் கழற்றினோம். அவள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பிரஷ் போட்டு மண்ணைத் தள்ளினாள், நான் முறத்தில் அள்ளினேன். பத்தரை மணிக்கு அப்பா தோட்டத்திலிருந்து வந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "அட, அம்மிணி! சொல்லாம கொள்ளாம வந்திருக்கற! பையன் எங்க?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

தாரணி என்னைப் பார்த்தாள். நான் முறத்தைப் பார்த்தேன். "அவருக்கு லீவு கெடைக்கலீங்க மாமா. அடுத்த மாசம் வர்றாருங்க" என்றாள்.

"அப்பறமென்ன, கோழி அடிச்சரலாம்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நாட்டுக்கோழி வாங்கி வந்தார். அவளை உட்கார வைத்து, ஈரலை எடுத்து அவள் இலையில் வைத்தார். அவள் ஒரு வாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீராகச் சாப்பிட்டாள். காரம் அதிகம் என்று சொன்னாள். அப்பா என்னைத் திட்டினார், பிள்ளைக்கு இத்தனை மிளகாய் போடுவார்களா என்று. நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அந்தச் சாப்பாட்டை நான் மறக்கவும் மாட்டேன், உன்னை மன்னிக்கவும் மாட்டேன். இப்போதைக்கு மாட்டேன் என்று திருத்தி எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

அன்றைக்குப் பொழுதோடு அவள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் கோயமுத்தூரிலிருந்து மருந்தடிக்கிற ஆள் வந்தார். வெளியிலிருந்து உள்ளே வரைக்கும் கரையான் வந்த வழியை விரல் வைத்துக் காட்டினார்: முகூர்த்தக்கால், அதிலிருந்து பந்தல் மூங்கில், மூங்கிலிலிருந்து ஜன்னல் சட்டம், சட்டத்திலிருந்து சுவர் வெடிப்பு, சுவரோடு ஒட்டி நிற்கிற பியானோ. முகூர்த்தக்காலின் அடியில் கைவைத்துப் பார்த்து, "இதுக்குத் தெனமும் தண்ணி ஊத்துனது ஆருங்க?" என்றார். நான்தான் என்றேன். "நல்லா வளத்தியிருக்கறீங்கம்மா" என்றார். சுவர் ஓரமாக அடிக்கொரு துளை போட்டு மருந்தை இறக்கினார். அடிப்பலகை போய்விட்டது, இடதுபக்கக் கால் ஒன்று போய்விட்டது, பெடல் மூன்றும் தொங்குகின்றன. கம்பி இருக்கிற மேல்பாகம் தப்பித்துவிட்டது. ஆசாரி பலகைக்கு அளவு எடுத்துப் போயிருக்கிறார். நான் விற்கப்போவதில்லை. அந்த முகூர்த்தக்கால் மண்ணில் நிற்கிறவரை எத்தனை மருந்து அடித்தாலும் மறுபடி வரும் என்று அவர் சொன்னதால்தான் வியாழக்கிழமை பிடுங்கினேன். அதைத் தண்ணீரில் விடவில்லை. கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன்.

உனக்கு ஒன்று நினைவிருக்கும். உனக்குப் பத்து வயது. சர்க்கரை போட்ட பாலைப் பியானோ கட்டைமேல் கொட்டிவிட்டு, மூடியைச் சாத்திவிட்டுப் போய்விட்டாய். நாலாம் நாள் எறும்பு சாரை சாரையாக வந்தபோதுதான் கண்டுபிடித்தேன். ஸ்கேலால் உன் விரல் முட்டியில் அடித்தேன், எண்ணாமல் அடித்தேன். மறைத்ததற்குத்தான் அடிக்கிறேன் என்று அன்றைக்குச் சொன்னேன். அது பொய். கொட்டிவிட்டேன் என்று நீ உடனே ஓடி வந்து சொல்லியிருந்தாலும் அதே அடிதான் அடித்திருப்பேன். அது உனக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நீ பியானோ பக்கமே வரவில்லை, எதையும் என்னிடம் வந்து சொல்லவும் இல்லை. பன்னிரண்டாவதில் கணக்கில் மார்க் குறைந்தது பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலை போனது ஒரு தடவை, அதுவும் இரண்டு மாதம் கழித்து. இப்படி மறைக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இருபத்தி நாலு வருடமும் ஒரு பியானோவும் செலவாகியிருக்கிறது. ஆனால் ஒன்று. உனக்கு இப்போது பத்து வயது இல்லை, என் கையில் ஸ்கேலும் இல்லை. இனிமேலும் அதைச் சாக்காகச் சொல்லி ஒளிந்துகொள்ள நான் விடமாட்டேன்.

நீங்கள் ஏன் பிரிந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளிடமும் கேட்கவில்லை, அவளாகவும் உன்னைப்பற்றி ஒரு குறை சொல்லவில்லை. இரண்டு பேருக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒத்துவரவில்லை; அதற்காக ஊர் கூடி ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. பிரிந்ததற்காக நான் உன்மேல் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் காட்டு. எழுதியது எல்லாம், எங்கள் காதில் பூச்சுற்றி வைத்துவிட்டு அங்கே நிம்மதியாக உட்கார்ந்திருந்தாயே, அதற்குத்தான்.

இப்போது உன் அப்பாவைப் பற்றி. முகூர்த்தக்கால் நின்ற இடம் குழியாக இருப்பதைப் பார்த்து என்னிடம் கேட்டார். கரையான் பிடித்துவிட்டது, அதனால் எடுத்துவிட்டேன் என்றேன். அது பொய் இல்லை; ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைப் பார்க்காமல் ஒரு பதில் சொன்னேன். அவர் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். "செரி உடு. பையன் அடுத்த மாசம் வர்றானல்ல, அதே எடத்துல வேற ஒண்ண நட்டு, அவங் கையில புடுங்கச் சொல்லிப்போடலாம். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார். நேற்று அருமைக்காரரைப் பார்த்து, உன் கல்யாணத்தை நடத்தி வைத்த அதே பெரியவரைத்தான், நாள் குறிக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உன் அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறார். இன்று காலையில் ஏணிமேல் ஏறி உன் ரூம் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார், அறுபத்தெட்டு வயதில். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை, ஏனென்றால் அது என்னுடைய சேதி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உனக்கு நேரம் தருகிறேன். காலை ஏழு மணிக்கு அவர் தோட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்திருப்பார், அவர் போனுக்கே கூப்பிடு. வீடியோவில் கூப்பிடு, உன் முகம் தெரியட்டும். சுற்றி வளைக்காதே, லீவு, புராஜெக்ட் என்று ஆரம்பிக்காதே. அவர் கோபப்பட மாட்டார். அவருக்குக் கோபப்படவே தெரியாது, அது உன் கெட்ட நேரம். 'சாப்பிட்டயா' என்றுதான் கேட்பார். அதைத் தாங்கிக்கொள்ள முடியுமானால் நீ என் பிள்ளை.

முடியவில்லை என்றால் ஒன்றும் கட்டாயம் இல்லை. திங்கட்கிழமை காலையில் நான் அவரை எதிரில் உட்கார வைத்து, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டிவிடுவேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு எழுத்துத் தெரிவதில்லை. காது நன்றாகக் கேட்கிறது.

— அம்மா